ஏழாம் நம்பர் ஜன்னலில் ஒரு புள்ளி

கோயமுத்தூரில், கணபதிப் பக்கம், மூடிப்போன ஒரு மில்லுக்குப் பின்னால் பூங்காவனம் அபார்ட்மென்ட் என்று ஒன்று இருந்தது, இப்போதும் இருக்கிறது, போனால் நீங்களும் பார்க்கலாம், ஆனால் நீங்கள் யார், யார் வீட்டுக்கு வந்தீர்கள், எத்தனை நேரம் இருப்பீர்கள் என்று நாலு பேர் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். பெயரில்தான் பூங்காவனம், ஒரு செம்பருத்திச் செடிகூடக் கிடையாது. மாடிக்கு இரண்டாக எட்டு வீடு, ஒரு மோட்டார், மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அப்புறம் எட்டு வீட்டுக்கும் பொதுவில் வற்றாத சந்தேகம். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் எவனோ குழாயைத் திறந்துவிட்டுத் தூங்கிவிட்டான் என்று சந்தேகம், குறையாவிட்டால் எவனோ சொல்லாமல் ஊருக்குப் போயிருக்கிறான், ஏன் சொல்லவில்லை என்று சந்தேகம், பக்கத்து வீட்டில் கறி வாசம் வந்தால் எந்த ஒறம்பரை விருந்துக்கு வந்திருக்கிறது என்று சந்தேகம், வராவிட்டால் புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன தகராறு என்று சந்தேகம். இத்தனைக்கும் தலைமைப் பீடம் ஒன்றாம் நம்பர் வீட்டுச் சென்னியப்பன். மில்லில் சூப்பர்வைசராக இருந்து, மில்லை மூடியதும் மேய்க்க ஆளில்லாமல் அபார்ட்மென்டுக்குச் செயலாளர் ஆனவர்.

அப்பேர்ப்பட்ட இடத்தில் மூன்றாம் நம்பர் வீட்டு மருதாசலம் ஒரு ரூமைச் சாத்திக்கொண்டு உள்ளே ராத்திரி பகலாக ஏதோ அறுக்கிறான், ஏதோ ஒட்டுகிறான், பார்சல் மேல் பார்சல் வருகிறது என்றால் சும்மா விடுவார்களா? மாடி ஏறுகிறவர்கள் எல்லாம் அந்தக் கதவுக்கு எதிரே வந்ததும் செருப்பு வாரைச் சரிபண்ணக் குனிந்தார்கள். கடைசியில் சென்னியப்பனே வந்து காலிங் பெல்லை அழுத்தினார்.

"என்ன அம்மிணி, தம்பி உள்ள என்ன பண்றாப்புல? பசை நாத்தம் எங்கூடு வரைக்கும் வருது."

"கம்ப்யூட்டர் பண்றாருங்க" என்றாள் மருதாசலத்தின் பெண்டாட்டி கோகிலவாணி.

"கம்ப்யூட்டரைக் கடையில விக்கறாங்களே?"

"அதையேதானுங்க நானும் கேட்டேன்."

கேட்டிருந்தாள், ஒரு தடவையா இரண்டு தடவையா. மருதாசலம் காந்திபுரத்தில் பெயர்ப் பலகை செய்கிற கடை வைத்திருந்தான். அக்ரிலிக்கில் எழுத்து வெட்டி உள்ளே விளக்கு வைத்து, நகைக்கடைக்கும் பிரியாணிக்கடைக்கும் பெயர் எரிய வைப்பது அவன் வேலை. ஊரில் இருக்கிற பெயரையெல்லாம் எரிய வைத்து அலுத்துப்போய், விளையாட்டுக் கம்ப்யூட்டர்களைத் தன் கையால் கட்டி வேஷம் போட்டு நிறுத்துகிறவர்களின் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தான். ஒருத்தன் டிராகன் மாதிரிக் கட்டியிருந்தான், ஒருத்தன் விண்கலம், ஒருத்தன் எரிமலை. சூடாகிற சில்லுகளைக் குளிரவைக்க விசிறி மட்டும் போதாமல், கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டிருந்தார்கள். சென்னையில் நடக்கிற கண்காட்சிக்குத் தானும் ஒன்று கொண்டுபோவது என்று முடிவு பண்ணி, என்ன வேஷம் போடலாம் என்று யோசித்து யோசித்து, ஒரு நாள் எதிர் டீக்கடையில் நின்று டீ குடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தவன், தான் குடியிருக்கிற அபார்ட்மென்டையே கட்டுவது என்று கிளம்பிவிட்டான்.

கட்டினான் பாருங்கள், அதைச் சொல்ல வேண்டும். பழைய இரும்பு அலமாரியை அறுத்துச் சட்டம், அக்ரிலிக்கில் நாலு மாடி, மாடிப்படிக்கு வெளியே இருக்கிற சிமெண்ட் ஜாலியை ஒவ்வொரு ஓட்டையாகக் கையால் வெட்டி அதற்குப் பின்னால் காற்றாடி, கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் கார் மாதிரிப் படுத்திருக்கிற கிராபிக்ஸ் கார்டு, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, அந்தத் தொட்டிதான் கம்ப்யூட்டருக்கும் தண்ணீர்த் தொட்டி, அங்கிருந்து பின்சுவர் வழியாக எட்டு வீட்டுக்கும் இறங்குகிற பைப்புகள்தான் குளிரவைக்கிற குழாய்கள். ஒவ்வொன்றையும் சூட்டுக் காற்றில் காட்டி, வளைத்து, கோணினால் தூக்கிப் போட்டு, மறுபடி வளைத்தான். நாலாம் நம்பர் வீட்டுக் கொடியில் காய்கிற லுங்கிகூட இருந்தது. ஒவ்வொரு வீட்டு ஜன்னலுக்கும் பின்னால் பொடி விளக்குகளைச் சால்டரிங் இரும்பால் பற்றவைத்து ஒட்டினான்.

எல்லாம் சரி, அந்த ரூம் இருக்கிறதே, அது கோகிலவாணியின் ரூம். அவள் ரூம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தையல் மிஷின் அங்கே இருந்தது, அவ்வளவுதான். வெளியே மாமனாருக்கு முழங்கால் வலித் தைலம், இரண்டு பையன்களுக்கு யூனிபாரம், குக்கர், காலிங் பெல், மாவு, மறுபடி குக்கர் என்று ஓடுகிறவள், பிளவுஸ் தைக்கிறேன் என்று கதவைச் சாத்தினால் யாரும் கூப்பிட மாட்டார்கள். தைத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் மிஷினில் கை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். மருதாசலம் ரூமை எடுத்துக்கொண்ட அன்றைக்குத் தையல் மிஷின் பால்கனிக்குப் போயிற்று. "கொஞ்ச நாளைக்குத்தான் கோகிலா" என்றான். பால்கனிக்குக் கதவு உண்டு, ஆனால் அதை யாரும் கதவாக மதிப்பதில்லை.

தண்ணீர் ஊற்றுகிற அன்று ஞாயிற்றுக்கிழமை. விஷயம் தெரிந்து எட்டு வீட்டில் ஏழு வீடும் வந்து நின்றது. மிச்சம் ஒன்று ஏன் வரவில்லை என்றால் அது பூட்டியிருந்தது. மூன்றாவது மாடி ஏழாம் நம்பர்க்காரர்கள் மெல்போர்னில் மகளோடு இருக்கிறார்கள். மருதாசலம் குழாய் சேருகிற ஒவ்வொரு இடத்துக்கும் கீழே ஒரு டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்தான்; ஒரு சொட்டுக் கசிந்தாலும் பேப்பர் காட்டிக் கொடுத்துவிடும். பிறகு ஒரு கேனை எடுத்தான்.

"அதென்ன தண்ணி தம்பி?" என்றார் சென்னியப்பன்.

"காய்ச்சி வடிச்சதுங்க. பேட்டரிக்கு ஊத்துவாங்களே, அது."

அவ்வளவுதான், கூட்டம் கொந்தளித்துவிட்டது. சிறுவாணித் தண்ணீர் குடிக்கிற ஊரில், உலகத்திலேயே ருசியான தண்ணீர் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்கிற ஊரில், கேன் தண்ணீரா? குழாய்த் தண்ணீர் ஊற்றினால் பாசி பிடிக்கும், உப்புப் படியும் என்று மருதாசலம் சொல்லிப் பார்த்தான். "சிறுவாணியில உப்பா? யாரு சொன்னது?" என்று கேட்டது வேறு யாருமில்லை, கோகிலவாணிதான். கேட்டதோடு விட்டாளா, அடுப்படிக்குப் போய்க் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு வந்து புருஷன் கையில் கொடுத்தாள். பின்னால் எத்தனையோ தடவை அந்தச் சொம்பை நினைத்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஏழு வீடும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தந்த வீட்டில் குடிக்கிற தண்ணீரையே அவன் அந்தத் தொட்டியில் ஊற்றினான். பம்பு ஒரு முறை விக்கியது, பிறகு தண்ணீர் எட்டு வீட்டுக்கும் இறங்கிச் சுற்றி மேலே ஏறியது. ஒரு டிஷ்யூகூட நனையவில்லை.

சாயங்காலம் கம்ப்யூட்டருக்குள் ஜன்னல்கள் எரிந்தன. எல்லாம் ஒன்றாக எரிந்து நிறம் மாறும்படிதான் மருதாசலம் அமைத்திருந்தான். அவையோ தன்னிஷ்டத்துக்கு எரிந்தன. ஒன்றாம் நம்பரில் இரண்டு புள்ளி, நாலில் ஐந்து புள்ளி, அதில் ஒன்று ஜன்னலுக்கு ஜன்னல் ஓடிக்கொண்டே இருந்தது, அது அந்த வீட்டுக் கடைக்குட்டி. ஆள் இருந்தால் புள்ளி, ஆள் வெளியே போனால் இருட்டு. கரண்ட் போனபோது யுபிஎஸ்ஸில் கம்ப்யூட்டர் ஓடியது, அபார்ட்மென்டே இருட்டில் கிடந்தது, கம்ப்யூட்டருக்குள் மட்டும் எல்லாரும் அவரவர் வீட்டில் எரிந்துகொண்டிருந்தார்கள். இதெப்படி என்று யாராவது கேட்டார்களா என்றால், "சிறுவாணித் தண்ணியாச்சே" என்று தெய்வானை சொன்னாள். அவள் சென்னியப்பனின் சம்சாரம். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முடியாத பேச்சு வேறு. யார் எப்போது எந்த ரூமில் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்ட பிறகு ஒரு அபார்ட்மென்டில் என்னென்ன நடக்கும்? மெயின்டனன்ஸ் கேட்டுப் பெல் அடித்தால் மூச்சுக் காட்டாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களைச் சென்னியப்பன் கையும் களவுமாகப் பிடித்தார். ஆறாம் நம்பர்க்காரர் மொட்டை மாடியில் நடைப்பயிற்சி செய்வதாகச் சொல்லிவிட்டுப் பாத்ரூமில் போனோடு உட்கார்ந்திருப்பது அவர் சம்சாரத்துக்குத் தெரிந்துபோயிற்று. இரண்டு வீட்டுப் புள்ளிகள் ஒரே சுவரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெடுநேரம் ஒட்டி நின்றால், யார் யார் பேச்சை ஒட்டுக் கேட்கிறார்கள் என்று அந்தச் சுவருக்காகவே ஒரு சண்டை வந்தது. பெண்கள் கோகிலவாணியிடம் பிளவுஸ் வெட்டின துண்டு வாங்கி, நகத்தளவு திரை தைக்கச் சொல்லி, தங்கள் தங்கள் ஜன்னலுக்கு ஒட்டிக்கொண்டு போனார்கள். அடுத்தவர் திரை மெல்லிசாக இருக்கிறதா என்று மறுநாள் வந்து தூக்கிப் பார்த்தார்கள். மத்தியானத்தில் டிவி சீரியல் பார்க்கிற வழக்கமே ஒழிந்து, எல்லாரும் மூன்றாம் நம்பர் ரூமில் வந்து உட்கார்ந்து, அவரவர் வீட்டையும் அடுத்தவர் வீட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருதாசலம் கண்காட்சிக்கு எடுத்துப்போகிறேன் என்றதற்கு, "எங்க வீட்டையெல்லாம் தூக்கிட்டு எங்கப்பா போற?" என்று மறித்துவிட்டார்கள். அவன் முகம் தொங்கிப்போயிற்று, பாவம்.

அவனுக்கு வேறொரு கவலையும் இருந்தது. மற்ற வீட்டு விளக்கெல்லாம் ஒழுங்காக இருக்க, அவன் வீட்டில் மட்டும் ஒன்று சரியில்லை, துடித்துக்கொண்டே இருக்கிறது என்று சொல்லி, சால்டரிங் இரும்பைச் சூடுபண்ணிக்கொண்டு வந்து உட்காருவான். "லூஸ் கனெக்ஷன்" என்பான். பற்றவைப்பான், பார்ப்பான், உதட்டைப் பிதுக்குவான், மறுபடியும் பற்றவைப்பான்.

சரி, இனிமேல் கோகிலவாணியின் விஷயத்துக்கு வருவோம். அவள் யாருக்கும் சொல்லாதது, நான் உங்களுக்குச் சொல்கிறேன், உங்களோடு இருக்கட்டும். ஏழாம் நம்பர் சாவி அவளிடம் இருந்தது. ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்டு, குழாயைத் திறந்து துரு வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அந்த வீட்டம்மா கொடுத்துவிட்டுப் போன சாவி. மிஷின் பால்கனிக்குப் போன பிறகு ஒரு நாள் காற்றோட்டம் விடப் போனவள், கதவைச் சாத்தினாள், காலித் தரையில் உட்கார்ந்தாள், பிறகு படுத்தாள். தரை சில்லென்று இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து மத்தியானத்தில் மாவு மில்லுக்குப் போகிறேன், பிளவுஸ் ஹூக் வாங்கப் போகிறேன் என்று ஏதாவது சொல்லிவிட்டு, தெருவுக்கு இறங்காமல் மேலே ஏறுவாள். படுத்துக்கொண்டு உத்தரத்தைப் பார்ப்பாள், அழ மாட்டாள், தூங்க மாட்டாள், சாமி கும்பிட மாட்டாள், ஒன்றும் செய்ய மாட்டாள்; கொஞ்ச நேரம் கழித்துப் புடவையை உதறிக்கொண்டு இறங்கி வருவாள். அது இல்லாவிட்டால் தனக்குக் கிறுக்குப் பிடித்துவிடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கம்ப்யூட்டரில் ஏழாம் நம்பர் ஜன்னல் எரிந்து அவள் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்பாள், அது எரிகிறபோது அவள் இங்கே இல்லையே! பூட்டின வீடுதானே என்று மற்றவர்களும் அதுவரைக்கும் அந்த ஜன்னலைக் கவனித்ததில்லை. மாடிப்படியில் காற்றாடி இருந்ததால் அங்கே விளக்கும் கிடையாது, ஏறுகிறவர்கள் புள்ளியாகத் தெரிய மாட்டார்கள். அதனால் அன்றைக்கு அவள் மேலேயிருந்து இறங்கி, ஹூக் கடை மூடியிருந்தது என்று சொல்லத் தயாராக ரூமுக்குள் நுழைந்தபோது, ஆறு பெண்கள் கம்ப்யூட்டரைச் சுற்றி வாயில் கை வைத்து நின்றார்கள்.

"கோகிலா, இங்க வா, நீ நல்ல சமயத்துல வெளிய போயிட்ட" என்றாள் தெய்வானை. "ஏழாம் நம்பர்ல ஆளு இருக்குது!"

"பூட்டின வீட்டுலயா?" என்று கேட்டுக்கொண்டே கோகிலவாணி இடுப்பில் செருகியிருந்த சாவியை முந்தானையால் மூடினாள்.

"ஒத்தைப் புள்ளி. அசையவே இல்ல. இப்பத்தான் அணைஞ்சுது."

அன்றிலிருந்து அபார்ட்மென்ட் அபார்ட்மென்டாக இல்லை. கோகிலவாணி மேலே போவதை நிறுத்தினாள், ஜன்னல் இருட்டாயிற்று, இருட்டானதால் சந்தேகம் இன்னும் கெட்டியாயிற்று: பார்த்துவிட்டோம் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? அப்படியானால் அவன் நம்மில் ஒருத்தன். எவனோ வாடகைக்கு விட்டுக் காசு பார்க்கிறான், எவனோ எவளையோ கொண்டுவந்து வைத்திருக்கிறான், திருட்டுச் சாமான் பதுக்குகிறான், மோட்டார்த் தண்ணீர் குறைவதற்கு இதுதான் காரணம். புருஷனுக்குப் பெண்டாட்டி மேல், பெண்டாட்டிக்கு எதிர் வீட்டுக்காரி மேல், எதிர் வீட்டுக்காரிக்குக் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன் மேல். சென்னியப்பன், யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி கோகிலவாணியின் அடுப்படி ஆணியில் தொங்கிய சாவியைக் கேட்டு வாங்கி வீட்டைத் திறந்து பார்த்தார், உள்ளே தூசியைத் தவிர ஒன்றுமில்லை. தூசியிலும் ஒரு இடம் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, ஆள் நீளத்துக்கு. அதைப் பார்த்துவிட்டு வந்தவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் வாசற்படியில் கோலமாவைத் தூவி, காலடி விழுகிறதா என்று காலையும் மாலையும் போய்ப் பார்த்தார்.

விழுந்தது. படிக்கட்டுக் கழுவுகிற பாப்பாத்தியின் காலடி.

பாப்பாத்தி எட்டு வீட்டு வாசலிலும் படியிலும் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவள், ஏழாம் நம்பர் வாசலையும் கழுவத்தானே செய்வாள்? மொட்டை மாடிச் சாவி அவளிடம் இருந்தது, அதுவும் சேர்ந்துகொண்டது. மோட்டார் ரூம் பக்கத்தில் கூட்டம் போட்டார்கள். மருதாசலமும் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து ஓரமாக நின்றான்.

"நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்றார் சென்னியப்பன். "போலீஸுக்குப் போகாம இதோட விடறோம்னு சந்தோசப்படு."

"ஏனுங்க சாமி, நான் என்னங்க பண்ணினேன்?" பாப்பாத்தி துடைப்பத்தைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றாள். "மாவு கொட்டிக் கெடந்துச்சு, கூட்டினேன். எம் பேத்திக்குப் பள்ளிக்கூடம் தொறக்குற நேரங்க, இப்பப் போய் வேலைய விடுன்னா நான் எங்கீங்க போவேன்?"

"படுத்த தடம் இருக்குதே, அதுக்கு என்ன சொல்ற?"

கோகிலவாணி பின்னால் நின்றிருந்தாள். சொல்லிவிடு என்று ஒரு மனசு, வாயைத் திறந்தால் உன் குடும்பம் சந்தி சிரித்துப்போகும் என்று ஒரு மனசு. மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதுகூட இல்லை. மருதாசலம் என்ன நினைப்பான்? இத்தனை வருஷத்தில் அவன் அவளைச் சந்தேகப்பட்டதே கிடையாது, போனை எடுத்துப் பார்த்தது கிடையாது, எங்கே போனாய் என்று கேட்டது கிடையாது. சந்தேகமே வற்றாத அந்த அபார்ட்மென்டில் அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து அதுதான். இப்போது வாயைத் திறந்தால் அது போகும், திறக்காவிட்டால் பாப்பாத்தியின் சோறு போகும். 

"பாப்பாத்தியக்கா இல்லீங்க" என்றாள். "நான்தான்."

 மருதாசலம் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வைக்குத்தான் அவள் பயந்திருந்தாள், அது வந்துவிட்டது.

"நீயா அம்மிணி?" என்றார் சென்னியப்பன். "அங்க என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டனுங்க."

"ஒண்ணும் பண்ணாம?"

"சும்மாப் படுத்திருப்பேன்."

ஒருத்தரும் நம்பவில்லை. திருடினேன் என்றால் நம்பியிருப்பார்கள், எவனோடாவது பேசிக்கொண்டிருந்தேன் என்றால் முதல் வேலையாக நம்பியிருப்பார்கள், மந்திரம் வைத்தேன் என்றாலும் எலுமிச்சம்பழத்தைத் தேடியிருப்பார்கள். சொந்த வீடு கல்லாட்டம் இருக்கும்போது, புருஷன் பிள்ளையெல்லாம் இருக்கும்போது, ஒரு பொம்பளை பூட்டின வீட்டுக்குள் போய் ஒன்றும் செய்யாமல் படுத்திருக்கிறாள் என்பதை எப்படி நம்புவது? "சும்மா படுக்கறதுக்கு உங்கூட்டுல கட்டில் இல்லியா?" என்று ஒருத்தி கேட்டாள். பின்னாலிருந்து யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

கோகிலவாணிக்குக் கோபம் வந்தது; இத்தனை நாள் பயந்த பயமெல்லாம் கோபமாகத் திரண்டு வந்தது. "உங்களுக்குத்தான் பெட்டி இருக்குதே, அதுல பாத்துக்குங்க!" என்றாள். "இப்பப் போறேன். நல்லாக் கண்ணைத் தொறந்து பாருங்க, நான் என்ன பண்றேன்னு பாத்துட்டு வந்து எனக்கும் சொல்லுங்க." சென்னியப்பன் கையிலிருந்த சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு படியேறினாள். மற்றவர்கள் மூன்றாம் நம்பருக்கு ஓடினார்கள்.

ஏழாம் நம்பரில் அதே தூசி, அதே தரை. படுத்தாள். கீழே அத்தனை பேர் தன்னைப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் முதுகு தரையில் படியவே இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, காலை நீட்டலாமா மடக்கலாமா என்று தெரியவில்லை. மருதாசலம் அந்த ஜன்னல் முன்னால் உட்கார்ந்திருப்பான், என்ன நினைப்பான், இன்றைக்குச் சாப்பாட்டுக்கு வருவானா, பையன்களிடம் என்ன சொல்வான். வெகுநேரம் அப்படியே கிடந்தாள். பிறகு எப்போதோ உத்தரத்தில் ஒரு பல்லி நகர்ந்ததைப் பார்த்தாள், அது போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள், கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இருக்கிறவர்களை மறந்துபோனாள். தரை பழையபடி சில்லென்றிருந்தது.

அவள் இறங்கி வந்தபோது வீட்டில் கூட்டம் இல்லை. பாப்பாத்தி மட்டும் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் போய்ட்டாங்க கண்ணு" என்றாள். "மொதல்ல ஒரே பேச்சு. பொறவு பேச்சு நின்னு போச்சு. ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போய்ட்டாங்க. செயலாளரு என்னை நாளைக்கு வரச் சொல்லிட்டாரு."

ரூமில் மருதாசலம் கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தான். விளக்கைப் போடவில்லை, குழாய்த் தண்ணீரின் வெளிச்சம்தான் அவன் முகத்தில் ஓடியது. மடியில் சால்டரிங் இரும்பு இருந்தது, அதைச் சொருகக்கூட இல்லை. கோகிலவாணி கதவோரம் நின்றாள். கேட்கட்டும், என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும் என்று நின்றாள்.

"நம்ம வீட்டுல ஒரு விளக்கு ரிப்பேருன்னு சொன்னேன்ல" என்றான் அவன், திரும்பாமலே.

"ம்."

"அடுப்படி ஜன்னல்ல எரியும், மறு நிமிசம் ஹால்ல எரியும், பால்கனிக்குப் போகும், அப்பா ரூமுக்குப் போகும், திரும்ப அடுப்படி. ஒரு இடத்துல நின்னு நான் பாத்ததே இல்ல. மத்த விளக்கெல்லாம் நிக்குதே, இது மட்டும் ஏன் துடிக்குதுன்னு எத்தனை தடவை பத்த வெச்சிருப்பேன்." மடியிலிருந்த இரும்பை எடுத்துத் தரையில் வைத்தான். "இப்ப ஏழாம் நம்பர்ல ஆடாம எரிஞ்சுது. அப்பத்தான் பாத்தேன் கோகிலா. அது உன்ற புள்ளி. ரிப்பேருன்னு நெனச்சுட்டேன்."

 அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் மேலே போய்ப் படுத்தும் வராத அழுகையை அங்கேயே அழுதாள்.

மறுநாள் அவன் கடைக்குப் போகவில்லை. நாலு பேரைக் கூப்பிட்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் பூங்காவனம் அபார்ட்மென்டைத் தூக்கி ஹாலில் டிவி இருந்த இடத்தில் வைத்தான். தையல் மிஷினைப் பால்கனியிலிருந்து உள்ளே உருட்டினான். ஹார்டுவேர் கடையில் வாங்கிவந்த தாழ்ப்பாளை ரூம் கதவுக்கு உள்பக்கமாக வைத்து, தான் பெயர்ப்பலகை மாட்டுகிற பெரிய ஸ்குரூவால் இறுக்கினான். "வெளியிலிருந்து யாராலயும் தொறக்க முடியாது, நானே தட்டினாலும் தொறக்காத" என்று சொல்லிவிட்டு, சொன்னதைத் தானே கேட்டு வெட்கப்பட்டவன் மாதிரி ஸ்குரூ டிரைவரைத் தேட ஆரம்பித்தான்.

மத்தியானம் கோகிலவாணி தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு தரையில் படுத்தாள். இங்கேயும் தரை சில்லென்றுதான் இருந்திருக்கிறது. வெளியே அடுப்படியில் குக்கர் விசில் வந்தது, நின்றது, யார் நிறுத்தினார்களோ. காலிங் பெல் அடித்தது. மருதாசலம் கதவைத் திறக்கிற சத்தம், "மெதுவாப் பேசுங்க" என்கிற சத்தம்.

வந்தது தெய்வானை. கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி இழுபட்டது.  எந்த வீட்டைப் பார்க்க வந்திருக்கிறாளோ, இன்றைக்கு யார் தலை உருளப் போகிறதோ என்று கோகிலவாணி உள்ளே காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். பழக்கம் எங்கே போகும்?

"தம்பி" என்றாள் தெய்வானை கடைசியில். குரல் அவள் குரல் மாதிரியே இல்லை. "ஒண்ணாம் நம்பர்ல நான் இருக்கிறப்ப என்ற புள்ளி நின்னு நீங்க எப்பவாச்சும் பாத்திருக்கறீங்களா? அவரு புள்ளி இல்ல. என்றது."

மருதாசலம் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. 

"உண்மையச் சொல்லுங்க தம்பி. அதையும் பத்த வெச்சீங்களா?"

கோகிலவாணி எழுந்திருக்கப் போனாள். கை தாழ்ப்பாள் வரைக்கும் போய்விட்டது. பிறகு கையை இறக்கினாள். ஏழாம் நம்பர் சாவி அடுப்படி ஆணியில்தான் தொங்குகிறது, தெய்வானைக்கு எடுத்துக் கொடுக்க மருதாசலத்துக்குத் தெரியாதா என்ன. மறுபடியும் தரையில் படுத்துக்கொண்டாள்.